எங்கே பறித்த மூலிகை?

கால் வீங்கி, முகம் உப்பி வருபவர்களிடம் "வேறு மருந்து ஏதும் சாப்பிட்டீர்களா?" என்று கேட்டால், "ஒன்றுமில்லை டாக்டர்" என்பார்கள். கூட வந்த மகள்தான் மெதுவாகச் சொல்வாள்: மாசக்கணக்கில் வெறும் வயிற்றில் மூக்கிரட்டைச் சாறு. கிட்னிக்கு நல்லதாம்! கடலூரிலும் சிதம்பரத்திலும் இப்படிச் சிறுநீரக நோயை முற்றவிட்டு வருபவர்களைப் பார்த்து அலுத்துவிட்டது. எல்லோருக்கும் மூலிகைதான் காரணம் என்று சொல்லமாட்டேன். சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும்தான் பெரும்பாலும் முதல் குற்றவாளி. ஆனால் அந்தச் செடியை எங்கே பறித்தீர்கள் என்றால், யாருக்கும் தெரிவதில்லை.

மண்ணில் இருப்பது இலைக்கும் வரும்

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டி ஓடும் உப்பனாற்றின் வண்டலில் கன உலோகங்கள் படிந்திருப்பதை 2006-லேயே ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். நெய்வேலிப் பக்கம் எரியும் பழுப்பு நிலக்கரியின் சாம்பலில் பாதரசமும் ஆர்செனிக்கும் உண்டு. ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ல் நின்றது. சாலையோர மண்ணில் படிந்த ஈயம் எங்கும் போய்விடவில்லை. வல்லாரையும் பொன்னாங்கண்ணியும் ஈரம் கண்ட இடமெல்லாம் படரும், அது வாய்க்காலோ சாக்கடையோ.

"கழுவிக் கொதிக்கவைத்தால் போய்விடும்"

போகாது. கழுவினால் மேலே ஒட்டிய தூசி போகும். வேர் உறிஞ்சியது இலைக்குள்ளேயே இருக்கும். கிருமி கொதியில் சாகும், ஈயம் சாகாது. நாலு டம்ளரை ஒரு டம்ளராகச் சுண்டக் காய்ச்சினால் ஆவியாவது தண்ணீர்தான். கசாயத்தில் இறங்கிய உலோகம் அந்த ஒரு டம்ளரில் சேர்ந்து நிற்கும்.

"தாத்தா காலத்தில் சாப்பிட்டார்களே?" சாப்பிட்டார்கள். தாத்தா காலத்தில் சிப்காட் இல்லை.

"இயற்கைதானே, பக்கவிளைவு கிடையாது" என்பது அடுத்த வாதம். ஆர்செனிக்கும் இயற்கைதான் ஐயா! இன்னொரு கன உலோகமான காட்மியம் போய்ச் சேரும் இடம் சிறுநீரகம். சேர்ந்தால் பத்து, இருபது வருடம் அங்கேயே தங்கும். சிறுநீரகத்தைக் காக்கக் குடிப்பதே அதைக் கெடுக்கலாம் என்றால் கோபித்துக்கொள்கிறார்கள். 'ஹெர்பல்' என்று அச்சடித்த டப்பாவும் காப்பாற்றாது: அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளில் 14-ல் ஈயம், பாதரசம் அல்லது ஆர்செனிக் இருந்ததாக 2004-ல் ஓர் ஆய்வு சொன்னது. சித்த மருத்துவத்தை நான் பழிக்கவில்லை. முறையாகப் படித்த சித்த மருத்துவர் கண்ட இடத்தில் பறித்துக் குடிக்கச் சொல்லமாட்டார். மூலிகை மருந்தில் ஈயம் 10 பிபிஎம், காட்மியம் 0.3 பிபிஎம்முக்கு மேல் கூடாது என்று அவர்கள் துறையிலேயே வரம்பு உண்டு.

சோதனை

மாசக்கணக்கில் இப்படிக் குடித்தவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டியவை: ரத்தத்தில் ஈய அளவு, கிரியேட்டினின், சிறுநீரில் புரதம்.

கெஞ்சிக் கேட்கிறேன்

ஆலைக் கழிவு ஓடும் பக்கம், நெடுஞ்சாலை ஓரம், சாக்கடைக் கரை, இங்கெல்லாம் பறிக்காதீர்கள். வேண்டுமானால் வீட்டுத் தொட்டியில், எங்கிருந்து வந்தது என்று தெரிந்த மண்ணில் தூதுவளை வையுங்கள். கைக்குழந்தைக்குச் சளி என்று தெருவோரத்துச் சாற்றைப் புகட்டாதீர்கள் அம்மா. பெரியவர்களைவிடக் குழந்தையின் குடல் ஈயத்தை அதிகம் உறிஞ்சும், அது மூளையைத் தாக்கும். கர்ப்பிணிகளும் தொடவேண்டாம். மஞ்சள் காமாலை என்றால் கீழாநெல்லியைத் தேடி வரப்பில் அலையாமல் முதலில் சோதனைக்கு ரத்தம் கொடுங்கள். மருத்துவரிடம் வரும்போது குடித்த சாற்றையும் மருந்துக் கணக்கில் சேர்த்துச் சொல்லுங்கள். பொடியாக இருந்தால் டப்பாவோடு கொண்டுவாருங்கள், திட்டமாட்டேன்.