ஒரு மணித்தியாலத்துக்கு 1500 டொலர்

நம் நாட்டுச் சரணாலயமொன்றில் ஒரு சிறுத்தையை இருபதுக்கு மேற்பட்ட ஜீப்புகள் சூழ்ந்து நின்றதைக் கண்டேன். அது புதருக்குள் மறைந்தது. காசு கொடுத்து வந்த எங்கள் எவருக்கும் திருப்தியில்லை.

ருவாண்டாவின் எரிமலைகள் தேசியப் பூங்காவில் கணக்கு வேறு. ஒரு மலைக் கொரில்லாக் குடும்பத்தைப் பார்க்க நாளொன்றுக்கு 8 பேருக்கே அனுமதி. அதுவும் ஒரு மணித்தியாலம், எட்ட நின்றுதான். 2017இல் கட்டணம் 750 டொலரிலிருந்து 1500 ஆகியது. பூங்கா வருமானத்தில் அயல் கிராமங்களுக்கான பங்கும் 5 வீதத்திலிருந்து 10 வீதமாகியது. 1980களில் சில நூறாக இருந்த மலைக் கொரில்லாக்கள், அயல் நாடுகளிலுள்ளவற்றையும் சேர்த்து, இன்று ஆயிரத்தைத் தாண்டிவிட்டன.

வர்த்தகச் சகோதரர்களே, அங்கே கொரில்லாதான் கைமுதல். கைமுதலைக் கரைக்காத கடைதான் நிலைக்கும்.