தத்துச் சட்டமும் வழக்கறிஞர் பணியும்

மூணாற்றை அடுத்த பள்ளிவாசலில், தேயிலைத் தோட்ட லயங்களில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. பிள்ளைப்பேறு இல்லாத தம்பதியர், மலைக்குக் கீழே தமிழ்நாட்டில் வாழும் உடன்பிறந்தாரின் குழந்தையை அழைத்து வந்து தம் பிள்ளையாகவே வளர்ப்பதுண்டு. அன்பில் குறைவில்லை; ஆனால் அத்தாட்சி உண்டா? வளர்த்தவர் மறைந்து, வாரிசு யார் என்னும் வினா எழும்பொழுது, பாசத்தை மட்டும் சட்டம் சான்றாகக் கொள்வதில்லை. அவ்வேளையில் நாம் நாடிச் செல்வது தத்துச் சட்டம் அறிந்த வழக்கறிஞரையே.

அத்தகைய வழக்கறிஞர் எவ்வாறு உருவாகிறார்? சட்டப் படிப்பை முடித்து, 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டப்படி மாநில வழக்கறிஞர் மன்றத்தில் பதிவு செய்துகொண்டு, அகில இந்தியத் தேர்விலும் அவர் தேற வேண்டும். தத்துச் சட்டத்திற்கெனத் தனிப் பதிவு ஏதும் இல்லை. குடும்ப வழக்குகளில் தேர்ந்த மூத்த வழக்கறிஞரிடம் பயின்றே இத்துறைத் தேர்ச்சியைப் பெறுதல் வேண்டும்.

இப்பணியின் பெருமைக்கு ஒரு சான்று கூறுவோம். இந்தியக் குழந்தைகளை அயல்நாட்டாருக்குத் தத்துக் கொடுப்பதில் நிகழும் முறைகேடுகளைக் குறித்து, லட்சுமி காந்த் பாண்டே என்னும் வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்திற்குக் கடிதம் ஒன்று எழுதினார். நீதிமன்றம் அக்கடிதத்தையே 1982இல் மனுவாக ஏற்றது. 1984 பிப்ரவரி 6 அன்று நீதிபதி பகவதி வழங்கிய தீர்ப்பு, குழந்தையின் நலனே முதன்மை எனக் கொண்டு விரிவான நெறிமுறைகளை வகுத்தது.

இன்று நாம் அறிய வேண்டிய சட்டங்கள் இரண்டு. ஒன்று, 1956ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டம். பெற்றோர் மனமுவந்து குழந்தையைக் கொடுத்தலும், ஏற்போர் பெற்றுக்கொள்ளுதலும் இதில் இன்றியமையாதன. குழந்தை பொதுவாக 15 வயது நிறையாததாக இருத்தல் வேண்டும். இரு தரப்பாரும் கையொப்பமிட்டுப் பதிவு செய்த பத்திரம் இருந்தால், மாறாக மெய்ப்பிக்கப்படும் வரையில் தத்து முறைப்படி நடந்ததென்றே நீதிமன்றம் கொள்ளும். ஆதலின் பத்திரப் பதிவைப் புறக்கணித்தல் ஆகாது.

மற்றொன்று, 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம். எச்சமயத்தாரும் இதன்வழித் தத்தெடுக்கலாம். கிறித்தவ, இஸ்லாமியக் குடும்பங்களுக்கு இது பெருந்துணை. முன்னர் நீதிமன்றம் பிறப்பித்த தத்து ஆணையை, 2022 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி மாவட்டக் கலெக்டரே பிறப்பிக்கிறார். வழக்காடும் வேலை குறைந்தாலும், உரிய சட்டத்தைத் தெரிந்து சொல்லுதலும், சம்மதமும் ஆவணங்களும் செம்மையாக உள்ளனவா எனப் பார்த்தலும் வழக்கறிஞரின் கடமையாகவே உள்ளன.

பணம் கொடுத்துக் குழந்தையைப் பெறுவது குற்றம் என்பதையும் மறத்தலாகாது. வெளி மாநிலத்தில் வாழும் நாம், குழந்தையை வீட்டிற்கு அழைத்துவரும் நாளிலேயே அதன் உரிமைக்கும் வழி செய்வோமாக. பின்னாளில் அக்குழந்தை பிறர் முன் நின்று, தான் யார் பிள்ளை என்று மெய்ப்பிக்க வேண்டிய நிலை வருதல் கூடாது.