ஸ்பானிய ஒலிப்புப் பயிற்சியில் தாய்மொழியின் பங்கு

பெங்களூரில் ஸ்பானிய மொழி பயிலும் வகுப்பில் கன்னடம், தமிழ், தெலுங்கு, இந்தி முதலியவற்றைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஒருங்கே அமர்வது இயல்பு. அனைவர்க்கும் ஒரே ஒலிப்புப் பயிற்சி பொருந்துமா என்பது ஆராயத்தக்கது.

ஸ்பானிய மொழியின் ஒலிப்புடை வெடிப்பொலிகள் உயிரிடையில் முழுதும் அடைபடாமல் நெகிழ்ந்து ஒலிக்கும். நவாரோ தோமாஸ் 1918இல் வெளியிட்ட ஒலிப்பு நூல் இதனை விளக்குகிறது. தமிழிலும் 'அது', 'அகம்' போன்ற சொற்களில் வல்லினம் நெகிழ்கிறது. தமிழ் வல்லினம் மொழிமுதலில் ஒலிப்பின்றியும் உயிரிடையில் ஒலிப்புடனும் வருதலைக் கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில் (1856) ஒரு விதியாகவே சுட்டினார். எனவே, 'பட்டு' எனப் பொருள்படும் 'செதா' என்னும் ஸ்பானியச் சொல் தமிழ் மாணவர்க்கு எளிது.

'காளான்' எனப் பொருள்படும் சொல்லில் அதே இடத்தில் ஒலிப்பிலாத் தகரம் தனித்து வருகிறது. தமிழில் இரட்டித்தாலன்றி உயிரிடையில் அவ்வொலி வாராது. ஆதலின் மாணவர் 'செத்தா' என இரட்டிப்பர். அல்லது 'செதா' என்று கூறிக் காளானைப் பட்டாக்குவர். கன்னட மாணவர் நிலை இதற்கு மறுதலை. 'பேச்சு' எனப் பொருள்படும் கன்னடச் சொல்லில் ஒலிப்பிலாத் தகரம் இரட்டிக்காமலே உயிரிடையில் வருவதால், காளான் அவர்க்கு இடர் தராது. பட்டில் வரும் ஒலியை நெகிழ்த்தவே அவர்க்குப் பயிற்சி வேண்டும்.

மற்றோர் இடையூறு தாய்மொழியால் நேர்வதன்று. ஆங்கிலத்தின் வழி நேர்வது. ஸ்பானியத் தகரம் பல்லொலி. ஆங்கிலத்தில் அதே எழுத்துகளை நாவளை ஒலியாக ஒலித்துப் பழகியோர் ஸ்பானியத்திலும் அவற்றை டகரமாக்குவர். 'நெரூடா' என்னும் எழுத்துப்பெயர்ப்பில் இதனைக் காணலாம். 'நெருதா' என எழுதினால் தமிழின் ஒலிப்பு மரபே அத்தகரத்தை நெகிழ்த்தித் தரும். கொலம்பிய நாவலாசிரியரின் பெயரை 'மார்க்வெஸ்' என்பதும் இத்தகையதே. அதன் ஒலிப்பு 'மார்க்கெஸ்' என்பதற்கே நெருங்கியது.

தமிழில் குறில் நெடில் வேறுபாடு பொருளை வேறுபடுத்தும். ஸ்பானியத்தில் அப்பணியை அழுத்தம் ஆற்றும். 'தெர்மினோ' என்பதில் முதலசை அழுத்தம் பெற்றால் 'முடிவு', இரண்டாமசை பெற்றால் 'முடிக்கிறேன்', இறுதியசை பெற்றால் 'முடித்தார்' எனப் பொருள்படும். தமிழ் மாணவர் அழுத்தம் பெறும் உயிரை நெடிலாக நீட்டுதல் இயல்பாதலின், நீட்டாது அழுத்தப் பழக்குதல் வேண்டும்.

இவற்றால், தமிழ் மாணவர்க்கு உயிரிடை ஒலிப்பிலா ஒலியும் அழுத்தமும் முதலிடம் பெறவேண்டும் என்பது பெறப்படும். இத்தகைய சொல்லிணைகளை முதலில் கேட்டுணரச் செய்து, பின்னர் ஒலிக்கச் செய்தல் பயன்தரும். தாய்மொழியில் முன்னரே உள்ளதைப் புதிதாகக் கற்பிப்பது காலவிரயம். இல்லாததைக் கற்பிக்காது விடுவது பொருட்குழப்பத்திற்கு இடமாகும்.