வாப்பும்மா என்ன பார்த்தார்கள்?

விடுமுறை வந்துவிட்டால் குடும்பத்தோடு ஒரு பெருநகரைச் சுற்றிப் பார்த்து வரவேண்டும் என்னும் ஆவல் இன்று நம் இல்லங்கள் பலவற்றில் உண்டு. நல்ல ஆவல்தான். ஆயினும் ஊர் திரும்பிய பின், 'யார் யார் எதை எதைப் பார்த்தோம்?' என்று வீட்டார் ஒவ்வொருவரையும் கேட்டுப் பார்ப்பவர்கள் எத்தனை பேர்? அப்படிக் கேட்கத் தவறியவன் என்ற முறையில், சென்ற ஆண்டு நாங்கள் ஐதராபாத் சென்றுவந்ததை இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் ஐவர். எழுபது வயதைக் கடந்த என் உம்மா, நான், என் மனைவி, கல்லூரியில் சேரவிருந்த மகள், எட்டாம் வகுப்பு படிக்கும் மகன். மாலையில் சென்னையில் ரயிலேறி மறுநாள் காலை ஐதராபாத்தில் இறங்கினோம். தங்குவதற்கு மூன்று நாட்கள். என் சட்டைப்பையில் இருந்த பட்டியலிலோ பதினான்கு இடங்கள்! ஒன்றையும் விடாமல் காட்டிவிட வேண்டும் என்பது என் உறுதி.

செருப்புக்குக் காவல்

சார்மினாரில் தொடங்கினோம். குதுப்ஷாஹி மரபின் ஐந்தாம் சுல்தான் முஹம்மது குலீ குதுப்ஷா 1591-இல் எழுப்பியது அது. கோல்கொண்டா கோட்டைக்குள் மக்கள் நெருக்கம் மிகுந்து, தண்ணீர்த் தட்டுப்பாடும் வாட்டவே, மூசி ஆற்றின் தென்கரையில் அவர் புதியதொரு நகரை அமைத்தார். அந்நகரின் பெருந்தெருக்கள் நான்கும் கூடுமிடத்தில் நிற்பதே சார்மினார். மேல்தளத்தின் மேற்குப் புறத்தில் ஒரு பள்ளிவாசலும் உண்டு.

மினாராவின் உள்ளே ஏறும் சுழற்படிகள் குறுகலானவை, செங்குத்தானவை. உம்மாவுக்கோ நெடுநாளாய் முழங்கால் வலி. "நீங்கள் போய் வாருங்கள். பைகளை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார்கள். அவர்களைத் தனியே விட மனமின்றி என் மனைவியும் கீழேயே நின்றுவிட்டார். நான் பிள்ளைகளோடு ஏறிப்போனேன்.

அடுத்தது, கூப்பிடு தூரத்தில் இருக்கும் மக்கா மஸ்ஜித். முஹம்மது குதுப்ஷா காலத்தில் தொடங்கப்பெற்ற இப்பள்ளி, குதுப்ஷாஹி அரசே வீழ்ந்த பிறகு, 1694-இல் அவுரங்கசீப்பின் ஆட்சியில் நிறைவெய்தியது. ஒரு கட்டடம் முடிவதற்குள் ஓர் அரசே முடிந்துபோன கதையைப் பிள்ளைகளுக்கு விரிவாகச் சொன்னேன். உம்மா அங்கேயும் வாசலருகே அமர்ந்து செருப்புகளைக் காத்துக்கொண்டிருந்தார்கள். பின்னர் வளையல் கடைகள் நிறைந்த லாட் பஜார். அதன்பின் இன்னும் மூன்று இடங்கள். எங்கும் ஓட்டம்தான்.

இரவு விடுதியில் மகள் நாட்குறிப்பு எழுத உட்கார்ந்தாள்.

"வாப்பும்மா, இன்று பார்த்தவற்றில் உங்களுக்கு மிகவும் பிடித்தது எது?"

உம்மா புன்னகையோடு சொன்னார்கள்: "மூன்று ஜோடி செருப்பு பார்த்தேன் மகளே. ஒன்றுகூடத் தொலையவில்லை."

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் மனைவி சிரிக்கவில்லை. எனக்கோ நெடுநேரம் உறக்கம் வரவில்லை. பெற்றோரைப் பேணுவது பற்றி ஆண்டுதோறும் மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறவன் நான். என் உம்மாவை எழுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் அழைத்து வந்து, ஒரு வாசலில் காவலுக்கு உட்கார்த்தி வைத்திருக்கிறேன்!

கல்லில் ஒரு துணி

மறுநாள் காலை பட்டியலைக் கிழித்துவிட்டேன். "இனி நாளுக்கு ஓர் இடம். உம்மா பார்க்க முடிந்த இடம்" என்றேன்.

அன்று சென்றது சாலார் ஜங் அருங்காட்சியகம். நிஜாமின் திவானாக இருந்த மூன்றாம் சாலார் ஜங், மீர் யூசுஃப் அலி கான், தம் செல்வத்தின் பெரும்பகுதியைக் கலைப்பொருட்கள் திரட்டுவதிலேயே செலவிட்டவர். 1949-இல் அவர் மறைந்தபின், அவருடைய சேகரிப்பு 1951-இல் அருங்காட்சியகமாகத் திறந்துவைக்கப்பட்டது. ஒரு சக்கர நாற்காலி கிடைத்தது. மகன் தள்ளிச் சென்றான்.

முகத்திரை அணிந்த ரெபெக்காவின் பளிங்குச் சிலைமுன் உம்மா நிறுத்தச் சொன்னார்கள். இத்தாலியச் சிற்பி பென்ஸோனி செதுக்கியது. ஈரத்துணி முகத்தில் ஒட்டியது போன்ற திரை; அதன் ஊடே கண்ணும் மூக்கும் தெரிகின்றன. இளமையில் துணி தைத்துக் குடும்பம் காத்தவர்கள் என் உம்மா. நெடுநேரம் பார்த்துவிட்டு, "மடிப்பு விழுந்திருக்கும் விதத்தைப் பார். துணியை நன்கு அறிந்தவன்தான் இந்தக் கல்லைச் செதுக்கியிருக்கிறான்" என்றார்கள். என் ஒருமணி நேர விளக்கத்தில் வராத செய்தி அது.

நண்பகலில் பேர்பெற்ற இசைக் கடிகாரத்தின் முன் கூடினோம். சிறு கதவு திறந்து, ஒரு பொம்மை மனிதர் வெளிவந்து பன்னிரண்டு முறை மணியடித்தார். உம்மா விரல்விட்டு எண்ணினார்கள்.

கைதட்டல் ஏறிய மலை

மூன்றாம் நாள் கோல்கொண்டா. ஏறத்தாழ 400 அடி உயரக் கருங்கற் குன்றின்மேல் அமைந்த கோட்டை. எட்டு மாத முற்றுகைக்குப் பின் 1687-இல் அவுரங்கசீப்பின் வசமானது. உச்சிக்குப் போக 300-க்கும் மேற்பட்ட படிகள்.

"நான் உம்மாவோடு இருக்கிறேன். இன்று நீ ஏறு" என்று மனைவியிடம் சொன்னேன். சற்றுத் தயங்கி, பின் பிள்ளைகளை முந்திக்கொண்டு அவர் படியேறியதைப் பார்த்தபோது, இத்தனை ஆண்டுகளில் எத்தனை படிகள் அவருக்கு விட்டுப்போயினவோ என்று எண்ணினேன்.

இக்கோட்டையில் ஒரு விந்தை உண்டு. நுழைவாயிலின் குவிமாடத்தின் கீழ் நின்று கைதட்டினால், உச்சியிலிருக்கும் பாலா ஹிஸார் மண்டபத்தில் அவ்வொலி தெளிவாகக் கேட்கும். குவிமாடத்தின் வளைவுகள் ஒலியைத் திரட்டி மேலே அனுப்புகின்றன. வாயிலில் ஆள் வந்திருப்பதை மேலே அறிவிக்க இது பயன்பட்டது என்பார்கள்.

சரியாகப் பத்து மணிக்கு வாப்பும்மா தட்டுவார்கள் என்பது ஏற்பாடு. எத்தனை முறை என்பதை மட்டும் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. காலை நேரமாதலால் கூட்டமில்லை. உம்மா என் தோளைப் பற்றி எழுந்து நின்று, மூன்று முறை தட்டினார்கள். சற்று நிறுத்தி, மேலும் இருமுறை தட்டினார்கள்.

பிறகு என்னருகே அமர்ந்து சொன்னார்கள்: "கல்யாணமான நாள்முதல் எங்கே போனாலும் பைக்குக் காவல் நான்தான். இன்றைக்குத்தான் நீ உட்கார்ந்திருக்கிறாய்." அதில் குறையில்லை, குற்றச்சாட்டில்லை. அதனாலேயே அது என்னைத் தைத்தது.

ஒருமணி நேரம் கழித்து மகன் மூச்சிரைக்க ஓடிவந்தான். "வாப்பும்மா! மூன்று, அப்புறம் இரண்டு! சரிதானே?"

உம்மாவின் முகத்தில் அப்போது தோன்றிய மலர்ச்சியை அந்நகரில் வேறெங்கும் நான் காணவில்லை.

பயணம் புறப்படும் அன்பர்களுக்குச் சொல்ல விரும்புவது இதுதான்: பட்டியலை எழுதும்முன், குடும்பத்தில் மெதுவாக நடப்பவர் யாரோ அவரிடம் முதலில் கேளுங்கள். பைகளைக் காக்கும் பொறுப்பை முறைவைத்து மாற்றிக்கொள்ளுங்கள். சில இடங்கள் விட்டுப்போகலாம். வீட்டார் ஒருவர்கூட விட்டுப்போகக் கூடாது.

பதினான்கில் நாங்கள் பார்த்தவை எட்டு மட்டுமே. ஆனால் இன்றும் எங்கள் வீட்டில், மாடியில் படிக்கும் பேரனைச் சாப்பிட அழைக்க உம்மா குரல் கொடுப்பதில்லை. மூன்று முறை தட்டுகிறார்கள். சற்று நிறுத்தி, மேலும் இருமுறை. அவன் இறங்கி வந்துவிடுகிறான்.