செந்நாய் மேல் விழுந்த பழி

சிறுத்தை ஒரு புள்ளிமானை அடித்தால் ஊருக்குச் சேதி வருவதில்லை. அது இருட்டில் நடக்கிற காரியம். கழுத்தைக் கவ்வி, புதருக்குள் இழுத்துப் போட்டுச் சத்தமில்லாமல் தின்றுவிடும். செந்நாய் அப்படியல்ல. வெயில் ஏறும் முன் காலையிலும், வெயில் தாழ்ந்த பிறகு மாலையிலும் அது வேட்டைக்கு இறங்கும். ஆடு மேய்க்கப் போனவரும் விறகு பொறுக்கப் போனவரும் மலைக்கோயிலுக்கு நடந்தவரும் விழித்திருக்கிற நேரம் அது. எட்டுப் பத்துப் பேராக மானைச் சுற்றி வளைத்து, தொடையிலும் அடிவயிற்றிலும் பற்றி இழுக்கும். மான் முழுதாகச் சாகும் முன்பே தீனி தொடங்கிவிடும். ஒருமுறை பார்த்தவர் ஆயுளுக்கும் மறக்க மாட்டார். பார்க்காத பத்துப் பேருக்கும் சொல்லாமல் விடமாட்டார்.

அதனால்தான் தென்காசிப் பக்கத்து மலையடிவாரத்தில் செந்நாய்க்கு நல்ல பெயர் கிடையாது. குற்றாலத்தில் ஓர் அருவிக்குப் புலியருவி என்றே பேர் வைத்த ஊர் இது. செந்நாய் பேரில் ஒரு ஓடைகூட இருப்பதாகத் தெரியவில்லை.

இந்தியாவின் பல காட்டோரங்களில் புழங்கும் ஒரு கதையும் உண்டு. செந்நாய் தன் வாலில் சிறுநீரை நனைத்து மானின் கண்ணில் அடிக்குமாம். கண் தெரியாமல் மான் நிற்கும்போது பிடித்துவிடுமாம். கதை பொய்தான். ஆனால் சும்மா முளைத்த பொய் என்று சொல்லவும் முடியாது. எல்லை குறிக்கும்போது செந்நாய் சில சமயம் முன்னங்கால்கள் இரண்டை ஊன்றி, பின்னுடலை அப்படியே மேலே தூக்கிச் சிறுநீர் கழிக்கும். அந்த வித்தையைத் தூரத்திலிருந்து கண்டவர் எதையும் நம்பியிருப்பார்.

உருவத்தில் அது நாட்டு நாயைவிடப் பெரிதொன்றும் இல்லை. எடை பன்னிரண்டு கிலோவிலிருந்து இருபது கிலோ வரை. செம்மண் நிற உடல், வட்டமான காதுகள், நுனி கறுத்த புசுபுசு வால். குரைக்கும் வழக்கம் இல்லை, சீழ்க்கை அடிக்கும். அடர்ந்த புதர்க்காட்டில் கூட்டம் சிதறிப்போனால் ஒன்றையொன்று கூப்பிட அந்தச் சீழ்க்கைதான் உதவும். வாயைத் திறந்து பார்த்தால் இன்னொரு வித்தியாசம். நாய்க்கும் ஓநாய்க்கும் நரிக்கும் பற்கள் 42. செந்நாய்க்கு 40தான். கீழ்த்தாடையில் இருபுறமும் கடைசிக் கடைவாய்ப்பல் இல்லை. இருக்கிற கடைவாய்ப்பல்லிலும் அரைக்கும் பரப்பு குறைந்து, கத்தி விளிம்பு போன்ற கூர் மிகுந்திருக்கிறது. நரி பழத்தையும் பூச்சியையும் தின்று காலம் தள்ளும். செந்நாயின் வாய் இறைச்சியை அறுக்கவென்றே அமைந்தது. இரையைப் பிடித்தால் அவசர அவசரமாகத் தின்பதற்கும் காரணம் உண்டு. புலியோ சிறுத்தையோ வந்து பறித்துக்கொள்ளும் முன் வயிற்றுக்குள் போனதுதான் கணக்கு.

பறிப்பதில் மனிதரும் குறைந்தவர்களல்ல. செந்நாய் அடித்த மானைச் சத்தம் போட்டு விரட்டிவிட்டுக் கறியை எடுத்துப்போவது தென்னிந்தியக் காட்டுவாசிகளிடம் பழைய வழக்கம். அந்தக் கணக்கில் செந்நாய் கொலைகாரன் இல்லை, கூலி வாங்காத வேட்டைத் துணை. இன்று சட்டப்படி அது குற்றம் என்பது வேறு விஷயம். ஆனால் செந்நாயைப் பற்றிக் கிராமத்துக்கு ஒரே கருத்துத்தான் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கிடை போடுகிறவர் ஒன்று சொல்வார். வாழை போட்டவர் ஒன்று சொல்வார். மலைக்குள் வாழ்கிறவர் மூன்றாவதாக ஒன்று சொல்வார்.

வெள்ளைக்காரத் துரைமார்களின் கருத்து மட்டும் ஒரே குரலில் இருந்தது. நீலகிரியிலும் மைசூர்க் காடுகளிலும் மான் வேட்டைக்குப் போனவர்கள் அவர்கள். தாங்கள் சுட வேண்டிய மானைச் செந்நாய் தின்கிறது என்பது அவர்கள் வருத்தம். எனவே அதைப் 'பீடை விலங்கு' பட்டியலில் சேர்த்துத் தலைக்குச் சன்மானம் கொடுத்தார்கள். சுட்டார்கள், விஷம் வைத்தார்கள், குகையில் இருந்த குட்டிகளைத் தோண்டி எடுத்துக் கொன்றார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் சன்மானம் நிற்கவில்லை. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகுதான் நின்றது. 2022இல் திருத்தப்பட்ட சட்டத்தில் புலி, யானையோடு செந்நாயும் முதல் அட்டவணையில் இருக்கிறது.

இந்த வெறுப்புக்கு ஆதாரம் உண்டா என்று உட்கார்ந்து பார்த்தவர் திருநெல்வேலிச் சீமைக்காரர். நாங்குநேரியில் பிறந்து, சிவகாசி அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியில் விலங்கியல் கற்பித்த ஏ.ஜே.டி. ஜான்சிங், 1976 முதல் 1978 வரை கர்நாடகத்தின் பந்திப்பூர்க் காட்டில் செந்நாய்க் கூட்டங்களைப் பின்தொடர்ந்தார். கழுத்தில் மாட்டும் ரேடியோப் பட்டையெல்லாம் அப்போது அவருக்குக் கிடையாது. காலால் நடப்பதும், மரத்தில் ஏறி உட்காருவதும், காக்கையும் கழுகும் எங்கே இறங்குகின்றன என்று பார்த்து ஓடுவதும்தான் முறை. காட்டில் திரியும் ஒரு பெரிய ஊனுண்ணியை இந்திய அறிவியலாளர் ஒருவர் இவ்வளவு நெருங்கி ஆராய்ந்தது அதுவே முதல் தடவை. பிற்பாடு டேராடூனில் உள்ள இந்திய வனவிலங்கு நிறுவனத்தில் ஒரு தலைமுறை ஆய்வாளர்களை வளர்த்துவிட்டு, 2024 ஜூனில் காலமானார்.

அவர் கண்டது துரைமார்கள் சொன்னதற்கு நேர்மாறு. செந்நாய் மணிக்கணக்காக மானைத் துரத்திக் களைக்க வைக்கும் என்ற பேச்சு பெரும்பாலும் கட்டுக்கதை. துரத்தல் அநேகமாக அரை கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். கிடைத்தால் கிடைத்தது, தப்பினால் தப்பியது. சிறிய மான் என்றால் சில நிமிஷத்தில் உயிர் போய்விடும். பெரிய கடா என்றால்தான் இழுபறி, பார்க்கச் சகிக்காத காட்சியெல்லாம். கூட்டத்தில் பொதுவாக ஒரு சோடிதான் குட்டி போடும். மற்றவை தாயாதிகள்போலப் பங்கு பிரிக்கச் சண்டை போடாமல் தாதிகளாக நிற்கும். வேட்டைக்குப் போகாமல் ஒன்றிரண்டு குகையடியில் காவல் இருக்கும். வேட்டை முடிந்து திரும்புகிறவை வயிற்றில் சுமந்து வந்த இறைச்சியைக் கக்கி, குட்டிக்கும் தாய்க்கும் காவல்காரருக்கும் ஊட்டும். குட்டிகள் ஓட ஆரம்பித்த பிறகு, அடித்த இரையில் முதல் பந்தி அவற்றுக்குத்தான். பெரியவை ஒதுங்கி நிற்கும். புலி, சிறுத்தைக் குடும்பத்தில் இந்த ஒழுங்கைத் தேடினாலும் கிடைக்காது.

இதையெல்லாம் சொன்னால் மலையடிவாரத்து மேக்கரையில் வாழை போட்டவர் கேட்கிற கேள்வி வேறாக இருக்கும்: "அது கெடக்கட்டும் அண்ணாச்சி, பன்னிய அடிக்குமா, அடிக்காதா?"

சரியான கேள்வி. அடிக்கும். பெரிய ஆண் பன்றியின் கொம்புக்கு எதிரில் செந்நாய் போவது அபூர்வம். குட்டியும் இளம்பன்றியும் அதன் சாப்பாட்டுப் பட்டியலில் உண்டு. கடையம் தொடங்கி வடகரை வரை அடிவாரத்தில் பயிர் போட்ட எவருக்கும் இன்று முதல் எதிரி காட்டுப்பன்றி. 2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு முடிவெடுத்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறை சுடலாம். ஒன்றுக்கும் மூன்றுக்கும் இடையில் என்றால் பிடித்துக் காட்டில் விடலாம். ஒரு கிலோமீட்டருக்குள் சுடவும் கூடாது, பிடிக்கவும் கூடாது. மலையை ஒட்டியே வயல் வைத்திருப்பவருக்கு இந்த உத்தரவால் பெரிய பலன் இல்லை. அவர் வேலிக்கு அந்தப் பக்கம் பன்றியின் தொகையைக் குறைக்க இருக்கிற ஆட்கள் சிறுத்தையும் செந்நாயும்தான்.

பூட்டான் இதைப் பட்டுத் தெரிந்துகொண்ட நாடு. ஆடுமாட்டை அடிக்கிறது என்று எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் அங்கே செந்நாய்க்கு விஷம் வைத்தார்கள். பல இடங்களில் செந்நாய் அற்றே போனது. பின்னாலேயே காட்டுப்பன்றி பெருகி மக்காச்சோளத்தையும் நெல்லையும் துவைத்தது. விஷத்துக்குக் கை தூக்கிய அதே விவசாயிகள் பன்றிக்குப் பயந்து இரவெல்லாம் பரணில் உட்கார வேண்டியதாயிற்று. நம் தென்மாவட்டங்களில் மயில் பெருகியதற்கு நரி அற்றுப்போனதைக் காரணம் சொல்லும் சம்சாரிகள் இருக்கிறார்கள். அதை முழுதாக நிரூபித்துவிட முடியாது. இருந்தாலும் போகிற திசை சரிதான். மயில் முட்டையையும் குஞ்சையும் தேடித் தின்கிற விலங்கு நரி.

கடல் கடந்தும் இதே வழக்கு நடக்கிறது. அமெரிக்காவின் கயோட்டி, ஓநாய்க்கும் நரிக்கும் நடுவான உருவம் கொண்டது. வெள்ளைவால் மானின் குட்டிகளை அது தின்பதால் வேட்டைக்காரர்களுக்கு அதன்மேல் தீராத கோபம். கோபத்தில் பாதி நியாயம் இருக்கிறது: தென் கரோலினாவில் மான்குட்டிகளுக்கு ரேடியோப் பட்டை மாட்டிப் பார்த்தபோது, செத்தவற்றில் பெரும்பங்கு கயோட்டியின் கணக்கில்தான் வந்தது. சரி, கயோட்டியைக் குறைத்துப் பார்ப்போம் என்று மூன்று ஆண்டு நூற்றுக்கணக்கில் பிடித்து அகற்றினார்கள். முதல் ஆண்டு குட்டிகள் கூடுதலாகப் பிழைத்தன. மறு ஆண்டே பலன் காணாமல் போயிற்று. அகற்றிய இடத்துக்குப் பக்கத்துக் கயோட்டி வந்து குடியேறிவிடும்.

செந்நாய்க்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. ஊருக்குள் புகுந்து குப்பையைக் கிளறிப் பிழைக்க அதற்குத் தெரியாது. காடு வேண்டும், காட்டில் மான் வேண்டும். உலகம் முழுக்க இனப்பெருக்கம் செய்யும் வயதில் உள்ளவை ஏறத்தாழ 950 முதல் 2,200 வரை என்பது பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் 2015ஆம் ஆண்டு மதிப்பீடு. அழிவின் விளிம்பில் உள்ள இனம். மேற்குத் தொடர்ச்சி மலை அதன் பெரிய புகலிடங்களில் ஒன்று. தென்காசிக்குத் தெற்கே, 1988இல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமாக உருவான களக்காடு முண்டந்துறை. கடையம் வனச்சரகம் அதில் சேர்ந்தது. வடக்கே 2015இல் அறிவிக்கப்பட்ட 356.73 சதுர கிலோமீட்டர் நெல்லை வனவிலங்குச் சரணாலயம். இரண்டுக்கும் நடுவில் செங்கோட்டைக் கணவாய். கொல்லத்துக்குப் போகிற ரயில் பாதையும் தேசிய நெடுஞ்சாலையும், லாரிகளும் ரப்பர்த் தோட்டங்களும் அந்த இடுக்கில்தான். தெற்கே அகத்தியமலைப் பக்கத்துச் செந்நாய் வடக்கே பெரியாறு பக்கம் போக வேண்டுமானால் வேறு வழி கிடையாது.

மானுக்காக வருத்தப்படுகிறவர்கள் கங்கைகொண்டானை ஒருமுறை பார்ப்பது நல்லது. திருநெல்வேலிக்கு வடக்கே, 2013இல் அறிவிக்கப்பட்ட புள்ளிமான் சரணாலயம் அங்கே இருக்கிறது. பரப்பு 288 ஹெக்டேர். அங்கே செந்நாய் கிடையாது, சிறுத்தையும் கிடையாது. கோடையில் தண்ணீர் தேடி வெளியே வருகிற மான்களைக் கொல்வது நெடுஞ்சாலை வண்டியும் தெருநாயும். தெருநாய் பசிக்குத்தான் கொல்லும் என்பதில்லை. கடித்துக் குதறிவிட்டுத் தின்னாமலே போய்விடும். அதைவிடப் பெரிய தொல்லை நோய். வெறிநோய், நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் நோய் போன்றவை அடிவாரத்து நாய்களிடமிருந்து செந்நாய்க்குத் தொற்றினால் ஒரு கூட்டமே மொத்தமாகப் போய்விடும். மலையோரக் கிராமங்களின் நாய்களுக்குத் தடுப்பூசி போடுவது அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கும் நல்லது, காட்டுக்கும் நல்லது. இதில் இரண்டு கட்சி இல்லை.

ஆடு பறிகொடுத்தவரின் வயிற்றெரிச்சலை இதெல்லாம் தணிக்காது; தணிக்க வேண்டிய அவசியமும் இல்லை. காட்டோரத்தில் மேயும் ஆட்டையோ கன்றையோ செந்நாய் எப்போதாவது அடிப்பதுண்டு. ஆனால் அடித்தது யார் என்று உடலே சொல்லும். சிறுத்தை என்றால் தொண்டையில் கோரைப்பல் ஓட்டைகள் இருக்கும், இழுத்துப்போன தடம் இருக்கும். செந்நாய் என்றால் தொண்டை பெரும்பாலும் சேதப்படாது. பின்புறமும் வயிறும்தான் முதலில் போயிருக்கும். இழுத்த தடம் இராது, விழுந்த இடத்திலேயே எலும்பும் தோலும் சிதறிக் கிடக்கும். தெருநாய் என்றால் பின்னங்கால்களில் கண்டபடி கடிகள், தின்றது கொஞ்சம். இழப்பீடு கேட்கப் போகிறவர் உடலை நகர்த்தாமல், கழுத்தையும் தொடையையும் கிட்டத்தில் படம் எடுத்து வைத்துக்கொண்டு வனத்துறைக்குச் சொல்லியனுப்புவது புத்திசாலித்தனம்.

செந்நாய் என்ன தின்கிறது என்பதற்கு இன்னொரு சாட்சியும் உண்டு. காட்டுப்பாதைகள் கூடும் முக்கில் கூட்டமாக ஒரே இடத்தில் எச்சமிடுவது அதன் பழக்கம். ஆய்வாளர்கள் அதைச் சேகரித்து, சல்லடையில் அலசி, மிஞ்சும் முடியை நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கிறார்கள். புள்ளிமான் முடியும் மிளா முடியும் ஆட்டு முடியும் குறுக்குவெட்டில் வேறு வேறு வடிவம். பந்திப்பூர், முதுமலை, நாகரஹொளே காடுகளில் இப்படி அலசியபோது மேலோங்கி நின்றது புள்ளிமான் முடியும் மிளா முடியும்தான். ஆடுமாட்டு முடி தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது.