உங்களுக்குத் தெரியுமா? பக்கத்துப் பெட்டியில் பகல் கொள்ளை!

இரத்தினபுரி, கேகாலை இறப்பர் தோட்டங்களில் எடுக்கும் தேன் பெரும்பாலும் இலையில் ஊறியது! இறப்பர் இலைக்காம்பின் நுனியில், மூன்று சிற்றிலைகள் கூடும் இடத்தில், கடுகளவு தேன்சுரப்பிகள் இருக்கின்றன. ஆண்டுத் தொடக்கத்தில் மரம் இலை உதிர்த்துத் துளிர்க்கும்போது அவை கசியத் தொடங்கும், இலை முற்றியதும் நின்றுவிடும். தேன்காரருக்கு ஆண்டின் பெரிய அறுவடையே அந்தச் சில வாரங்கள்தான். அந்த நேரம் பார்த்துத் துளிரில் சாம்பல் நோய் விழுந்தால் இறப்பருக்கும் நட்டம், தேனுக்கும் நட்டம்.

★

மே மாதம் தென்மேற்குப் பருவமழை இறங்கியதும் கதை மாறுகிறது. இரத்தினபுரி ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை காணும் ஊர். கொட்டும் மழையில் தேனீ வெளியே போகாது. வெறித்த நேரத்தில் போனாலும் பூவில் இருப்பது மழை கழுவிய மிச்சம்தான். துளிர்க்காலத்தில் பெருகிய கூட்டத்துக்கு வாய் நிறைய, வேலை இல்லை. வலுத்த பெட்டி இளைத்த பெட்டியின் வாசலை மோப்பம் பிடிப்பது இப்போதுதான்.

★

கொள்ளையா, இளம் தேனீக்களின் பறப்புப் பயிற்சியா? புதிதாக வளர்ப்பவர்கள் குழம்பும் இடம் இது. இளசுகள் பிற்பகலில் வெளியே வந்து, பெட்டியைப் பார்த்தபடியே முன்னும் பின்னும் மிதந்து, சிறிது நேரத்தில் உள்ளே போய்விடும். சண்டை இராது. கொள்ளைக்காரத் தேனீ வாசலுக்கு நேராக வராது. பக்கவாட்டில் தத்தளித்து, மூடி இடுக்கு, பலகை வெடிப்பு என்று துழாவும். வாசலில் இரண்டிரண்டாகக் கட்டிப் புரளும். இன்னொரு தடயம்: இரை தேடிய தேனீ வயிறு கனத்து வீடு திரும்பும், கொள்ளையடித்ததோ கனத்த வயிற்றோடு வெளியேறும், பறக்கும்போது சற்றுத் தாழும். பெட்டியின் அடிப்பலகையில் மெழுகுத் துருவல் கிடந்தால் சந்தேகமே வேண்டாம்.

★

கொள்ளைக்காரர் யார் வீட்டார் என்று அறிய கோதுமை மா போதும். கொள்ளை போகும் பெட்டியிலிருந்து வெளியேறும் தேனீக்கள் மீது கொஞ்சம் தூவிவிட்டு மற்றப் பெட்டிகளின் வாசலைப் பாருங்கள். வெள்ளை வேட்டிக்காரர் எந்த வீட்டுக்குள் நுழைகிறாரோ, அதுதான் குற்றவாளிப் பெட்டி. பல நேரம் அது உங்களுடையதாகவே இருக்கும்!

★

தொடக்கி வைப்பது பெரும்பாலும் மனிதர்தான். பட்டப்பகலில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு கதை பேசுவது, அடையை வெளியில் போடுவது, சீனிப்பாகைத் தரையில் சிந்துவது. ஒரு தேனீ ருசி கண்டுவிட்டால் போதும், கூட்டுக்குள் போய் ஆடியே ஆள் திரட்டிவிடும். அந்த ஆட்டத்தின் பொருளைக் கண்டறிந்த கார்ல் வான் ஃபிரிஷ் 1973இல் நோபல் பரிசு பெற்றார்.

★

ஆரம்பித்துவிட்டால் என்ன செய்வது? முதல் வேலை வாசலைச் சுருக்குவது. ஒன்றிரண்டு தேனீ மட்டும் நுழையும் அளவுக்குக் குச்சியோ பலகைத் துண்டோ வைத்தால், உள்ளே இருப்பவை சிலவாக இருந்தாலும் காவல் காக்க முடியும். இடுக்குகளைக் களிமண்ணால் பூசுங்கள். ஈரத்துணியை வாசல் முன் தொங்கவிட்டு, தண்ணீரும் தெளித்தால் கூட்டம் கலையும். வாசலை முழுக்க அடைத்துவிடாதீர்கள், புழுக்கத்தில் உள்ளிருப்பவை செத்துப்போகும்.

உணவு கொடுப்பதை அந்திக்குத் தள்ளுங்கள். பெட்டியில் வளரும் நம் அடுக்குத் தேனீ இருட்டில் பறக்காது (நிலவொளியில் பறப்பது மலைத்தேனீ), விடிவதற்குள் பாகு உள்ளே போய்விடும். சீனியும் தண்ணீரும் சம அளவு, சிரட்டையில், மிதக்கச் சில குச்சிகளோடு, பெட்டிக்கு உள்ளேயே. எல்லாப் பெட்டிக்கும் ஒரே நாளில் கொடுப்பது நல்லது. கேகாலைப் பக்கம் கைக்கெட்டும் தூரத்தில் கித்துள் பாணி கிடைக்கிறதே என்று அதை ஊற்றிவிடாதீர்கள். அதன் வாசனை ஊரையே கூட்டும்.

மிகவும் இளைத்த பெட்டியைக் காப்பாற்ற முயல்வது வீண் பாசம் என்பது என் கருத்து. ராணி இல்லாத கூட்டத்தை மழைக்கு முன்பே இன்னொன்றோடு சேர்த்துவிடுவதே புத்தி.

★

கொள்ளை போன அடுக்குத் தேனீ கடைசிவரை நின்று போராடும் ரகமல்ல. ஒருநாள் காலையில் பார்த்தால் ராணியோடு குடும்பமே குடிபெயர்ந்திருக்கும்.

★

கொள்ளையையே பிழைப்பாகக் கொண்ட தேனீயும் உண்டு. வெப்பமண்டல அமெரிக்காவின் லெஸ்ட்ரிமெலிட்டா என்னும் கொடுக்கில்லாத தேனீ பூவுக்குப் போவதே இல்லை. காலில் மகரந்தக் கூடையும் இல்லை. எலுமிச்சை வாசனை பரப்பியபடி அடுத்த கூட்டுக்குள் புகும்.

★

கொள்ளைக் காலத்தில் தேனீக்கள் வழக்கத்தை விடச் சீறும். குளவிக்கொட்டுக்கு ஏற்கெனவே பயந்து வாழும் மக்களின் லயத்துக்குப் பக்கத்திலோ, பால்வெட்டப் போகும் பாதையிலோ பெட்டி வைக்க வேண்டாம்.

★

தேனோடு நோயும் திருடப்படும். 1990களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியாவின் அடுக்குத் தேனீக்களைப் பெருமளவில் அழித்தது. குமரி மாவட்டத்தின் மார்த்தாண்டமும் தப்பவில்லை. புழுக்களைக் கொல்லும் இந்த நோய் பெட்டிக்குப் பெட்டி தாவக் கொள்ளையும் ஒரு வழி. கூட்டம் செத்துப்போன பெட்டியை அடையோடு திறந்து போட்டுவிடாதீர்கள். அன்று மாலையே மூடி, வீட்டுக்குள் எடுத்து வையுங்கள்.