வாஷிங் மெஷின் பேரிங்கில் ஓடிய உலக சாதனை சைக்கிள்!

துணி துவைக்கும் யந்திரத்தில் இருந்து கழற்றிய பேரிங்கை மாட்டி ஒருவர் சொந்தமாக சைக்கிள் செய்தார். அதை ஓட்டி, 9 ஆண்டுகளாக யாரும் உடைக்காத உலக சாதனையை ஒரே மணி நேரத்தில் உடைத்தார்.

கட்டுக்கதை அல்ல. 1993-ம் ஆண்டு ஜூலை மாதம் 17-ந் தேதி, நார்வே நாட்டில் ஹமார் நகரில் நடந்தது.

சைக்கிளைச் செய்தவரும் ஓட்டியவரும் ஒரே ஆள்தான். பெயர் கிரேம் ஓப்ரி. ஸ்காட்லாந்துக்காரர். அப்போது வயது 27.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. முந்தின நாள்தான், கைதேர்ந்த நிபுணர் ஒருவர் செய்து கொடுத்த புத்தம் புதிய சைக்கிளில் ஏறி, இதே சாதனைக்காக ஓட்டித் தோற்றிருந்தார். மறுநாள் காலையில் அவருக்குக் கை கொடுத்தது பழைய வண்டி!

கடை போச்சு, கடன் வந்தது

ஓப்ரி சைக்கிள் பந்தய வீரர். கூடவே ஒரு சைக்கிள் கடையும் வைத்திருந்தார். கடை ஓடவில்லை. இழுத்து மூடும்படி ஆகி விட்டது. கடன் கழுத்தை நெரித்தது. வேலை இல்லாதவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் உதவிப் பணத்தில் குடும்பம் நடந்தது. வீட்டில் மனைவி, குழந்தை.

வேறு யாராக இருந்தாலும் எங்கேயாவது ஒரு வேலையைத் தேடிப் போயிருப்பார்கள். ஓப்ரி வேறு கணக்குப் போட்டார். இந்தச் சிக்கலில் இருந்து வெளியே வர ஒரே வழி, சைக்கிள் உலகிலேயே கஷ்டமான சாதனையை உடைப்பதுதான் என்று முடிவு கட்டினார்.

துணிச்சலா, அசட்டுத்தனமா? இரண்டும்தான்.

ஒரு மணி நேரக் கணக்கு

அந்தச் சாதனைக்குப் பெயரே "ஒரு மணி நேரச் சாதனை". விதி ரொம்பச் சுலபம். வட்டப் பாதையில் தனி ஆளாக ஒரு மணி நேரம் ஓட்ட வேண்டும். எவ்வளவு தூரம் போகிறாரோ அதுதான் கணக்கு. முன்னால் போகிறவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து காற்றுக்குத் தப்பிக்க முடியாது. இறக்கம் கிடையாது. ஓய்வு கிடையாது.

1893-ம் ஆண்டு பாரிஸ் நகரில் ஹென்றி தெகிரான்ஜ் என்பவர் 35.325 கிலோமீட்டர் ஓட்டி இதைத் தொடங்கி வைத்தார். பிரான்சு நாட்டைச் சுற்றி வரும் பிரபலமான சைக்கிள் பந்தயத்தை 1903-ல் ஆரம்பித்தவரும் இவரே. 1972-ல் பெல்ஜியம் வீரர் எட்டி மெர்க்ஸ் மெக்சிகோவில் 49.431 கிலோமீட்டர் ஓட்டினார். உலகத்தின் தலை சிறந்த சைக்கிள் வீரர் என்று பலர் இன்றும் சொல்வது இவரைத்தான். பந்தய வாழ்க்கையிலேயே ரொம்ப வேதனையான ஓட்டம் இதுதான் என்று அவரே சொல்லும்படி ஆயிற்று என்றால் பார்த்துக் கொள்ளுங்கள்.

1984-ம் ஆண்டு ஜனவரியில் இத்தாலி வீரர் பிரான்செஸ்கோ மோசர் வந்தார். டாக்டர்கள், விஞ்ஞானிகள் என்று ஒரு பட்டாளமே அவர் பின்னால் நின்றது. இடம் மெக்சிகோ நகரம். கடல் மட்டத்தில் இருந்து 2,200 மீட்டருக்கு மேல் உயரம் என்பதால் அங்கே காற்று அடர்த்தி குறைவு. ஸ்போக்ஸ் கம்பியே இல்லாத, தட்டு மாதிரி மூடிய சக்கரங்கள் வேறு. 51.151 கிலோமீட்டர் ஓட்டி முடித்தார்.

இந்த மோசர் சாதனையைத்தான், கடை போன ஸ்காட்லாந்துக்காரர் சொந்தத்தில் செய்த சைக்கிளை வைத்து உடைக்கக் கிளம்பினார்.

வாழைப்பழ அளவு

சைக்கிளுக்கு எதிரி காற்று. மெதுவாகப் போகும்போது தெரியாது. 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, மிதிக்கும் பலத்தில் சுமார் 90 சதவீதம் காற்றைத் தள்ளுவதற்கே போய் விடும். வேகத்தை 2 மடங்கு ஆக்க வேண்டும் என்றால் பலம் 2 மடங்கு போதாது. 8 மடங்கு வேண்டும். அந்தக் காற்றில் பெரும் பங்கு மோதுவது வண்டி மேல் அல்ல, ஆள் மேல்!

ஆகவே ஓப்ரி முதலில் வண்டியைப் பற்றி யோசிக்கவில்லை. உடம்பை எப்படிச் சுருக்குவது என்று யோசித்தார். கைகள் இரண்டையும் மடக்கி நெஞ்சுக்கு அடியில் ஒடுக்கிக் கொண்டார். தோள் ஹேண்டில் பாரை உரசும் அளவுக்குக் குனிந்தார். பனிச் சறுக்கு வீரர்கள் மலைச் சரிவில் ஒடுங்கி வருவார்களே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. பார்க்கிறவர்களுக்கு, "என்னய்யா இது, சர்க்கஸ் வித்தையா?" என்று கேட்கத் தோன்றும்.

அடுத்தது கால்கள். சாதாரண சைக்கிளில் இரண்டு பெடலுக்கும் நடுவில் நல்ல இடைவெளி இருக்கும். மனிதன் நடக்கும்போது கால்களை அவ்வளவு அகட்டியா வைக்கிறான்? ஓப்ரி போட்ட அளவு, ஒரு வாழைப்பழ அகலம்! இரு கால்களுக்கும் நடுவே அவ்வளவுதான் இடைவெளி இருக்க வேண்டும் என்பது அவர் திட்டம்.

அளவைச் சொல்லி விடலாம், செய்வதுதான் கஷ்டம். சைக்கிளை ஓவர்ஹாலிங் செய்து பழகியவர்களுக்கு இது புரியும். கிராங்க் மாட்டும் அச்சு குறுகினால், அதைத் தாங்கும் குழாயும் குறுக வேண்டும். குழாய் குறுகினால் உள்ளே வழக்கமான பேரிங் அடங்காது. அங்கேதான் வாஷிங் மெஷின் வந்தது. அந்த யந்திரம் நிமிடத்துக்கு 1,200 தடவை சுற்றுகிறது. சைக்கிள்காரர் மிதிப்பது நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்று. 1,200 சுற்றைத் தாங்கும் பேரிங், 100 சுற்றில் லொடலொட என்றா ஆகும்? நியாயமான கேள்விதான். கழற்றினார், மாட்டினார்.

இன்னொரு சிக்கல் முளைத்தது. கால்கள் நெருங்கி விட்டதால் முழங்கால் மேல் பாரில் இடித்தது. பாரையே எடுத்து விட்டார்! சீட்டையும் ஹேண்டிலையும் இணைக்கும் மேல் பார் இல்லாமலே பிரேம் செய்தார். பின் சக்கரத்துக்குப் போகும் குழாய்களையும் வழக்கம் போலத் தரைக்கு இணையாக வைக்கவில்லை. கிராங்க் உரசாமல் சுற்றுவதற்காக அவற்றை வேறு கோணத்தில் அமைத்தார்.

வட்டப் பாதையில் ஓட்டும் வண்டிகளுக்கு பிரேக் கிடையாது. பிரீவீலும் கிடையாது. சக்கரம் சுற்றும் வரை காலும் சுற்றிக் கொண்டே இருக்க வேண்டும். சட்டென்று மிதிப்பதை நிறுத்தினால் வண்டி ஆளைத் தூக்கி எறிந்து விடும்.

இந்த வண்டிக்கு அவர் வைத்த பெயர் "ஓல்டு பெய்த்புல்". பழைய விசுவாசி என்று அர்த்தம். பேர் ராசி பலித்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

புது வண்டி தோற்றது

ஹமாரில் 1994 குளிர்கால ஒலிம்பிக்குக்காகக் கட்டிய பிரமாண்டமான உள்ளரங்கம் இருக்கிறது. கவிழ்த்துப் போட்ட பழங்காலக் கப்பல் மாதிரி கூரை. அதற்குள் மரப்பலகைப் பாதை போட்டிருந்தார்கள். ஒரு சுற்று 250 மீட்டர்.

ஜூலை 16-ந் தேதி ஓப்ரி களத்தில் இறங்கினார். ஏறி உட்கார்ந்தது பழைய விசுவாசியில் அல்ல. அதே அளவுகளை வைத்து மைக் பரோஸ் செய்து கொடுத்த புது சைக்கிள். பரோஸ் சாமானியர் அல்ல. முந்தின ஆண்டு பார்சிலோனா ஒலிம்பிக்கில் இங்கிலாந்தின் கிறிஸ் போர்டுமேன் தங்கம் வென்றாரே, அந்த லோட்டஸ் சைக்கிளின் வடிவம் இவர் மூளையில் உதித்ததுதான்.

நல்ல கை செய்த நல்ல வண்டி. ஆனாலும் கணக்கு உதைத்தது. மணி அடித்தபோது மோசரின் தூரத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் குறைந்தது. அவ்வளவுதான், கதை முடிந்தது என்று எல்லாரும் நினைத்தார்கள்.

விடுவாரா ஓப்ரி? மைதானம் 24 மணி நேரத்துக்கு வாடகைக்கு எடுக்கப்பட்டிருந்தது. நேரம் பாக்கி இருக்கிறதே! நாளைக் காலை மறுபடியும் ஓட்டுகிறேன் என்று சொல்லி விட்டார்.

இதன் கனம் புரிய வேண்டும் என்றால் ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும். மெர்க்ஸ் போன்ற மலையே ஒரு மணி நேரம் ஓட்டிய பிறகு துவண்டு போனார். ஓப்ரியோ, ஒரு தடவை ஓட்டி முடித்து ஒரு நாள்கூட ஆகாமல் அதையே திரும்ப ஓட்டப் போகிறார்!

தூங்க விடாத தண்ணீர்

இரவெல்லாம் அசையாமல் படுத்தால் காலையில் தசைகள் இறுகிக் கட்டையாகி விடும். அலாரம் வைத்து எழுந்தால் தூக்கம் கெட்டதுதான் மிச்சம். ஓப்ரி செய்த யுக்தி வேடிக்கையானது. படுக்கும் முன் வயிறு முட்டத் தண்ணீர் குடித்தார். ராத்திரி அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுந்திருக்க வேண்டி வந்தது. எழுந்த ஒவ்வொரு தடவையும் கால்களை நீட்டி மடக்கி இழுத்து விட்டுக் கொண்டார். மறுபடி தண்ணீர், மறுபடி படுக்கை. விடியும் வரை இதே வேலை!

17-ந் தேதி காலை. இந்தத் தடவை வாஷிங் மெஷின் பேரிங் வண்டியில் ஏறினார்.

மோசரை முந்த வேண்டும் என்றால் 250 மீட்டர் சுற்று ஒவ்வொன்றையும் சுமார் 17.6 வினாடிக்குள் முடிக்க வேண்டும். ஒரு சுற்று, பத்து சுற்று அல்ல. இருநூறு சுற்றுக்கு மேல், தலையைத் தூக்காமல், கையை நெஞ்சுக்கடியில் ஒடுக்கியபடி. ஓப்ரி சராசரியாக எடுத்துக் கொண்டது 17.44 வினாடி. சுற்றுக்கு 0.15 வினாடிதான் லாபம். கண் இமைக்கும் நேரம்கூட இல்லை. அந்தச் சில்லறையைத்தான் ஒரு மணி நேரம் சேர்த்தார்.

மணி அடித்தது. 51.596 கிலோமீட்டர்! மோசரை விட 445 மீட்டர் அதிகம்.

மெக்சிகோவின் மெல்லிய காற்று இல்லை. டாக்டர் பட்டாளம் இல்லை. மார்மலேட் ஜாம் தடவிய ரொட்டி தின்று பயிற்சி எடுத்த ஆள் என்று பிற்பாடு பத்திரிகைகள் எழுதின.

ஆறே நாள்

மகுடம் தலையில் இருந்தது ஆறு நாள்தான். ஜூலை 23-ந் தேதி பிரான்சில் போர்தோ நகரில் அதே போர்டுமேன் 52.270 கிலோமீட்டர் ஓட்டி சாதனையைப் பறித்தார். ஓப்ரி அசரவில்லை. அடுத்த மாதமே ஹமாரில் நடந்த உலகப் போட்டியில், 4 கிலோமீட்டர் துரத்தல் பந்தயத்தின் அரை இறுதியில் போர்டுமேனைத் தோற்கடித்து, தங்கமும் வாங்கினார். 1994 ஏப்ரலில் 52.713 கிலோமீட்டர் ஓட்டி சாதனையையும் மீட்டார்.

மோசருக்கும் சும்மா இருக்க முடியவில்லை. 1994 ஜனவரியில், 42 வயதில், மறுபடி மெக்சிகோ போனார். 51.840 கிலோமீட்டர் ஓட்டினார். எப்படி? ஓப்ரியைப் பார்த்து, அதே மாதிரி கையை மடக்கிக் கொண்டு!

சர்வதேச சைக்கிள் சங்கத்துக்குத்தான் இது பிடிக்கவில்லை. இப்படி உட்கார்ந்து ஓட்டக் கூடாது என்று தடை போட்டது. 1994-ல் இத்தாலியில் நடந்த உலகப் போட்டியில், பந்தயம் தொடங்க ஒரு மணி நேரம் இருக்கும்போதுதான் ஓப்ரிக்கே விஷயம் தெரிந்தது. அவர் மாற மறுத்து ஓட்டினார். தகுதி நீக்கம் செய்தார்கள். ஒரு வீரனுக்குச் சொல்லும் நேரமா அது?

ஓப்ரி வேறு வழி கண்டுபிடித்தார். இந்தத் தடவை கைகளை முன்னால் நேராக நீட்டிக் கொண்டார். பறக்கிற மாதிரி இருந்ததால் "சூப்பர்மேன்" என்று பெயர் வந்தது. 1995-ல் கொலம்பியாவில் மீண்டும் உலகத் தங்கம். இதே பாணியில் 1996-ல் போர்டுமேன் ஒரு மணி நேரத்தில் 56.375 கிலோமீட்டர் போனார். அப்புறம் இதற்கும் தடை வந்தது.

மன நோயோடும் நெடுங்காலம் போராடியவர் ஓப்ரி. 2003-ல் வெளிவந்த சுயசரிதையில் அதை மறைக்காமல் எழுதினார். அவர் கதை 2006-ல் சினிமாவாகவும் வந்தது.

வாஷிங் மெஷின் விஷயத்தை ஏன்தான் வெளியில் சொன்னோமோ என்று ஓப்ரி பிற்பாடு வருத்தப்பட்டதுண்டு. கையை மடக்கியது, வாழைப்பழ அளவு, பார் இல்லாத பிரேம் எல்லாவற்றையும் விட்டு விட்டு, பத்திரிகைக்காரர்கள் முதல் வரியிலேயே பேரிங்கைத்தான் எழுதுகிறார்கள் என்பது அவர் மனக்குறை.

ஆனாலும் பழக்கம் போகவில்லை. 2013-ல் அமெரிக்காவில் நெவாடா பாலைவனச் சாலையில், குப்புறப் படுத்து ஓட்டும் ஒரு வண்டியைக் கொண்டு வந்தார். வேகம் மணிக்கு 91 கிலோமீட்டர். அதைச் செய்த இடம் அவர் வீட்டு சமையல் அறை. தோளைத் தாங்குவதற்கு அதில் வைத்திருந்தது ஒரு பழைய சமையல் பாத்திரத்தின் துண்டு!